கண்ணில் படாத கூலி

பேரம் பேசுவது நம்மவர்க்குக் கைவந்த கலை. மாதுங்காக் கடைத்தெருவில் ஒரு கட்டு முருங்கைக்கீரைக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் நிற்கும் குடும்பத் தலைவியரை எந்த மாலைப் பொழுதிலும் காணலாம். கீரைக்காரரும் சளைப்பதில்லை. இறுதியில் விலை குறைகிறதோ இல்லையோ, கொசுறாக நான்கு பச்சைமிளகாயாவது பையில் விழுகிறது. வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் அதில் ஒரு நிறைவு.

அதே குடும்பத்தில் பத்தாண்டுச் சேமிப்பை ஒரு நிதித் திட்டத்தில் போடும் நாள் வருகிறது. அன்று மட்டும் பேரம் எழுவதில்லை. வங்கியிலிருந்து வந்தவர் காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்து விழுகிறது. "இதற்கு உங்கள் கூலி எவ்வளவு?" என்று கேட்பார் அரியர். கேட்க வேண்டும் என்று தோன்றாமைக்கும் காரணம் உண்டு. கீரைக்குரிய காசை நாம் நம் கையால் எடுத்துக் கொடுக்கிறோம். நிதிக்குரிய கூலியோ நம் கையிலிருந்து போவதில்லை. பணத்தின் உள்ளிருந்தே எடுத்துக்கொள்ளப்படுகிறது. கண்ணில் படாத செலவு மனத்திலும் படுவதில்லை.

வள்ளுவர் பொருள் செயல்வகை என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயினும் பணத்தைப் பற்றிய அவருடைய கூரிய எச்சரிக்கை ஒன்று வலியறிதல் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே அவருடைய கவலையெல்லாம் பணம் வெளியேறும் வழியைப் பற்றியதே. சேமிப்பைத் தொடங்கும் இளைஞர்க்கு இன்று சொல்லத்தக்க முதற்பாடமும் அதுவே என்று எண்ணுகிறேன். பங்குச் சந்தை எவ்வளவு தரும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. நாம் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைத் தாளில் எழுதிக் கணக்கிட்டுவிடலாம்.

இந்நகரில் வாழும் நமக்குப் பங்கு வாணிகம் அயலானதன்று. இன்றைய ஹார்னிமன் வட்டத்தின் அருகே, டவுன் ஹாலுக்கு எதிரில், ஆலமர நிழலில் கூடிய தரகர்கள் 1875ஆம் ஆண்டில் ஒரு சங்கமாக இணைந்தனர். அதுவே பம்பாய்ப் பங்குச் சந்தை ஆயிற்று. அச்சந்தை இருக்கும் தெரு தலால் தெரு, அதாவது தரகர் தெரு, என்றே பெயர் பெற்றது. ஊருக்கு ஊர் அம்மன் பெயராலும் அரசர் பெயராலும் தெருக்கள் இருக்க, இங்கே கூலி வாங்குவோர் பெயரால் ஒரு தெரு அமைந்ததை நான் பல நாள் எண்ணிப் பார்த்ததுண்டு. அது ஒளிவு மறைவில்லாத பெயர். உள்ளே நுழையும்போதே இங்கே தரகு உண்டு என்று தெரிவித்துவிடுகிறது.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1978இல் பம்பாய்க்கு வந்த நான், கோட்டைப் பகுதியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றினேன். அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் 1973இல் வந்ததன் விளைவாகப் பல வெளிநாட்டு நிறுவனங்கள் தம் பங்குகளை இந்திய மக்களுக்கு விற்ற காலம் அது. எங்கள் அலுவலகத்தில் மதிய உணவு வேளையில் விண்ணப்பத் தாள்கள் கைமாறும். பங்கு என்பது அப்போது காகிதம். விற்க வேண்டுமானால் மாற்றுப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, முத்திரை வில்லை ஒட்டி, சான்றிதழோடு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். கையெழுத்தில் ஒரு சுழி மாறினாலும் பத்திரம் திரும்பி வந்துவிடும். தரகு, முத்திரை, தபால், காத்திருப்பு எனச் செலவுகள் வரிசையாக நின்றன. அவை யாவும் கண்ணுக்குத் தெரிந்தன.

பின்னர்க் காலம் மாறிற்று. செபி என நாம் அழைக்கும் பங்குச் சந்தை வாரியம் 1988இல் தோன்றி, 1992இல் சட்டப்படியான அதிகாரம் பெற்றது. தேசியப் பங்குச் சந்தை 1994இல் கணினித் திரையில் வாணிகத்தைத் தொடங்கியது. 1996ஆம் ஆண்டின் வைப்பகச் சட்டம் காகிதப் பங்கை டீமாட் கணக்கில் ஓர் எண்ணாக மாற்றியது. இன்று கைப்பேசியில் விரல் வைத்தால் பங்கு வாங்கலாம். இன்னொரு முறை வைத்தால் விற்கலாம். செலவு குறைந்தது உண்மை. அதனுடன் செலவு கண்ணிலிருந்து மறைந்ததும் உண்மை.

நிற்க. இக்கணக்கில் நான் இவ்வளவு கருத்தாக இறங்கியதற்கு என் தங்கை மகனே காரணம். என் தங்கை இளம் வயதிலேயே கணவனை இழந்தவள். சயான் கோலிவாடாவில் ஓர் ஒற்றை அறையில் இருந்துகொண்டு, இட்லி மாவு அரைத்து வீடு வீடாகக் கொடுத்து மகனைப் பொறியியல் படிக்க வைத்தாள். அவனுக்கு வேலை கிடைத்து, வாடகையும் வீட்டுச் செலவும் கல்விக் கடன் தவணையும் போக, மாதம் ஐயாயிரம் ரூபாய் மிஞ்சத் தொடங்கியது. அக்குடும்பத்தில் மாதக் கடைசியில் ஒரு தொகை மிஞ்சி நின்றது அதுவே முதன்முறை. அந்த ஐயாயிரத்துக்குப் பின்னால் எத்தனை அதிகாலைகள் இருக்கின்றன என்பதை நான் அறிவேன். தவறான வழியில் அது கரைந்தால் கரைவது அவன் பணம் மட்டுமன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் இரண்டு யோசனைகளோடு வந்தான். உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர், "செயலியில் பங்கு வாங்கு, தரகே கிடையாது" என்றாராம். வங்கியில் இருந்த அலுவலர், "பரஸ்பர நிதியில் போடுங்கள், உங்களிடம் தனியாக ஒரு பைசாவும் வாங்க மாட்டோம்" என்று ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்தாராம்.

"மாமா, ரெண்டு பேருமே செலவே இல்லைன்னு சொல்றாங்க. அப்போ எது மலிவு?" என்று கேட்டான்.

மாவுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்த என் தங்கை திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "கூலி வாங்காம யாருண்ணே மூட்டை தூக்குவா?"

பொருளாதாரம் படித்தவர்கள் பல பக்கங்களில் சொல்வதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். நானும் அவனும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மாதம் ஐயாயிரம் என்றால் இருபது மாதத்தில் ஒரு லட்சம். அந்த ஒரு லட்சத்தையே அளவுகோலாகக் கொண்டோம்.

முதலில் பங்கு. தரகு ஏதும் இல்லாத செயலி என்றே கொள்வோம். ஒரு லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினால், 2004இல் கொண்டுவரப்பட்ட பங்குப் பரிவர்த்தனை வரி நூற்றுக்குப் பத்துப் பைசா வீதம் 100 ரூபாய். முத்திரை வரி 15 ரூபாய். சந்தைக் கட்டணமும் அதன்மேல் சரக்கு சேவை வரியும் சேர்ந்து ஏறத்தாழ நான்கு ரூபாய். ஆக 119 ரூபாய். விற்கும்போது முத்திரை வரி இல்லை. பரிவர்த்தனை வரி மீண்டும் 100 ரூபாய். அத்துடன் டீமாட் கணக்கிலிருந்து பங்கை வெளியே எடுப்பதற்கு ஒரு நிறுவனப் பங்குக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து ரூபாய் அளவில் ஒரு கட்டணம். போகவும் வரவும் சேர்த்து ஏறத்தாழ 240 ரூபாய் ஆகிறது. தரகு வாங்கும் நிறுவனமாக இருந்து, நூற்றுக்கு அரை ரூபாய் வீதம் இருபுறமும் எடுத்தால், வரியோடு சேர்த்து மேலும் 1,180 ரூபாய் கூடும்.

240 ரூபாய் பெருந்தொகை அன்று. ஆனால் இது வாங்கி விற்கும் ஒவ்வொரு முறையும் ஆகும் செலவு என்பதை மறக்கலாகாது. வாங்கிய பங்கை இருபது ஆண்டு தொடாமல் வைத்திருப்பவனுக்கு ஆண்டொன்றுக்கு அது பன்னிரண்டு ரூபாய். மாதந்தோறும் ஒன்றை விற்று மற்றொன்றை வாங்குபவனுக்கு ஆண்டுக்கு 2,880 ரூபாய். அதாவது முதலில் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று. வட்டிக்கடைக்காரன் கேட்டால் நாம் முகம் சுளிக்கும் தொகை, தரகே இல்லாத செயலியில் நம் விரலசைவால் போய்விடுகிறது. ஓராண்டுக்குள் விற்றுக் கிடைத்த இலாபத்தில், 2024 ஜூலை 23 முதல், நூற்றுக்கு இருபது வருமான வரியும் உண்டு.

சிறு தொகைக்கு இன்னொரு தொல்லை இருக்கிறது. ஐயாயிரத்தைப் பத்து நிறுவனங்களில் ஐந்நூறு ஐந்நூறாகப் பிரித்துப் போட அவன் எண்ணியிருந்தான். விற்கும் நாளில் ஐந்நூறு ரூபாய்ப் பங்குக்கும் அதே பதினைந்து ரூபாய்க் கட்டணந்தான். அது நூற்றுக்கு மூன்று. சில தரகு நிறுவனங்கள் ஓர் ஆணைக்கு இருபது ரூபாய் வரை வாங்குகின்றன. சிறு தொகையில் வாங்கும்போதே அதற்கும் ஒரு பகுதி போயிற்று. மூட்டை சிறியதாயினும் கூலி ஒன்றே என்னும் இடத்தில் ஏழையின் மூட்டைக்கே பாரம் அதிகம். இன்னும் சில பங்குகளை அவனால் அணுகவே முடியாது. நம் சென்னையைச் சேர்ந்த எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் ஒரு பங்கு 2023 ஜூன் மாதத்தில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஒரு பங்கில் பாதி வாங்க நம் சந்தையில் வழியில்லை.

அடுத்துப் பரஸ்பர நிதி. மியூச்சுவல் ஃபண்டு என்று பலரும் சொல்வது இதனையே. பலருடைய சிறு தொகைகளை ஒன்றுதிரட்டிப் பல நிறுவனங்களின் பங்குகளை வாங்கி, ஒவ்வொருவர்க்கும் அவரவர் பணத்துக்கேற்ற அலகுகளைத் தருவது இதன் முறை. நம் நாட்டில் 1964இல் யூனிட் டிரஸ்ட் இதனைத் தொடங்கி வைத்தது. முன்னாளில் நிதியில் சேரும்போதே நுழைவுக் கட்டணமாக நூற்றுக்கு 2.25 ரூபாய் வரை பிடித்துக்கொள்வது வழக்கமாயிருந்தது. செபி 2009 ஆகஸ்டு முதல் அதனை நீக்கிற்று. இன்று வாங்கும்போது பிடிக்கப்படும் முத்திரை வரி ஒரு லட்சத்துக்கு ஐந்து ரூபாய். பங்கு நிதியிலிருந்து வெளியேறும்போது பரிவர்த்தனை வரி லட்சத்துக்கு ஒரு ரூபாய். ஓராண்டுக்குள் வெளியேறினால் பல நிதிகள் நூற்றுக்கு ஒன்று பிடிக்கின்றன. பொறுத்திருப்பவர்க்கு அதுவும் இல்லை. வங்கி அலுவலர் தனியாக ஒரு பைசாவும் வாங்க மாட்டோம் என்றது இந்த அளவில் பொய்யன்று.

கூலி வேறிடத்தில் இருக்கிறது. அதற்குச் செலவு விகிதம் என்று பெயர். நிதியை நடத்துவோர் தம் ஊதியத்தையும் பிற செலவுகளையும் நாள்தோறும் சிறிது சிறிதாக நிதியிலிருந்தே எடுத்துக்கொண்டு, மீதியைத்தான் அலகின் மதிப்பு என்று வெளியிடுகிறார்கள். நமக்கு வரும் கணக்கில் கழித்தல் வரி எதுவும் இராது. கழித்த பின்னரே கணக்கு நம்மிடம் வருகிறது. இதற்குச் செபி ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதியில், சிறிய பங்கு நிதிக்கு நூற்றுக்கு 2.25 என்பது அடிப்படை வரம்பாக இருந்தது. நிதி பெரிதாகப் பெரிதாக வரம்பு குறைந்தது.

ஒரே நிதிக்கு இரண்டு வாயில்கள் இருப்பதைப் பலர் அறிவதில்லை. 2013 ஜனவரி முதல் ஒவ்வொரு நிதியும் நேரடித் திட்டம் ஒன்றையும் நடத்த வேண்டும் என்று செபி விதித்தது. முகவர் வழியாகச் சேர்ந்தால், நாம் இருக்கும் ஆண்டுதோறும் அவருக்கு நம் பணத்திலிருந்து கழிவு போய்க்கொண்டே இருக்கும். பங்கு நிதிகளில் அது பெரும்பாலும் நூற்றுக்கு அரை முதல் ஒரு ரூபாய் வரை. நேரடித் திட்டத்தில் அது இல்லை. நிதி ஒன்று, அதில் உள்ள பங்குகளும் ஒன்று. வாயில் மட்டும் வேறு. வங்கியில் கொடுத்த விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தோம். அது முகவர் வாயிலுக்குரியது.

மூன்றாவதாகக் குறியீட்டு நிதி. சந்தைக் குறியீட்டில் உள்ள நிறுவனங்களை அதே விகிதத்தில் வாங்கி வைத்துக்கொள்வதோடு இதன் வேலை முடிந்தது. எது ஏறும் எது இறங்கும் என்று ஆராய அறிஞர் குழு வேண்டியதில்லை. ஆதலின் கூலி குறைவு. அமெரிக்காவில் ஜான் போகிள் என்பார் 1976இல் பொதுமக்களுக்காக இத்தகைய நிதியைத் தொடங்கியபோது 15 கோடி டாலர் திரட்ட எண்ணி, ஒரு கோடியே சொச்சம் டாலரே கிடைத்தது. ஊரார் நகைத்தனர். அவர் கைவிடவில்லை. இன்று நம் நாட்டில் நேரடித் திட்டத்தில் நூற்றுக்கு இருபது பைசா அளவில் இத்தகைய நிதிகள் கிடைக்கின்றன.

இனி ஒப்பிட்டுப் பார்ப்போம். செலவுக்கு முன் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் வளர்வதாக ஒரு பேச்சுக்குக் கொள்வோம். இது கணக்கு வசதிக்கான எண். சந்தை தந்த வாக்குறுதி அன்று. ஒரு லட்சம் ரூபாய் இருபது ஆண்டில், எந்தச் செலவும் இல்லையெனில், 6,72,750 ரூபாய் ஆகும். நூற்றுக்கு இருபது பைசா எடுக்கும் குறியீட்டு நிதியில் 6,48,700 ரூபாய். முக்கால் ரூபாய் எடுக்கும் நேரடித் திட்டத்தில் 5,86,700 ரூபாய். முகவர் வழியாக ஒன்றே முக்கால் ரூபாய் எடுக்கும் திட்டத்தில் 4,88,150 ரூபாய். முதலில் உள்ளதற்கும் கடைசியில் உள்ளதற்கும் இடைவெளி 1,84,600 ரூபாய். நாம் போட்ட முதல் ஒரு லட்சம்; கொடுத்த கூலியும் அக்கூலி ஈட்டியிருக்கக்கூடிய வளர்ச்சியும் சேர்ந்து முதலை விஞ்சிவிட்டன. நூற்றுக்கு ஒன்றே முக்கால் என்பது காதில் விழும்போது சுண்டைக்காய். இருபது ஆண்டு வளர்ந்தால் பூசணிக்காய்.

அதைப் பார்த்த தங்கை மகன், "அப்போ பங்குதான் மலிவு மாமா. தொடாம வெச்சா முடிஞ்சுது" என்றான். அவன் சொன்னது சரி. ஒரு லட்சத்தை இருபது நிறுவனங்களில் போட்டு இருபது ஆண்டு கழித்து ஒரே முறை விற்றால், வரவு செலவு வரிகளும் கட்டணங்களும் ஏறத்தாழ 1,100 ரூபாய். ஒருவர் பெயரில் ஒரே டீமாட் கணக்கு இருந்தால், 2024 செப்டம்பர் முதல், நான்கு லட்சம் மதிப்பு வரை ஆண்டுக் கட்டணம் இல்லை. பத்து லட்சம் வரை நூறு ரூபாய். எல்லாம் சேர்த்தாலும் இரண்டாயிரத்துக்குள் அடங்கும். குறியீட்டு நிதியோ 24,000 ரூபாய் எடுத்துக்கொள்கிறது. தாளில் பார்த்தால் தனிப்பங்கே வெல்கிறது. இதனை மறைத்து நிதியை மட்டும் புகழ்வது நேர்மையாகாது.

ஆனால் அந்தத் "தொடாமல்" என்னும் சொல்லில்தான் முழுக்கணக்கும் தொங்குகிறது. நிதியின் கூலி நாம் அதில் இருக்கும் காலத்துக்கு. பங்கின் கூலி நாம் அசையும் தடவைக்கு. ஒரு முறை வாங்கி விற்க நூற்றுக்கு 24 பைசா. குறியீட்டு நிதிக்கு ஓராண்டுக்கு 20 பைசா. ஆகவே ஆண்டுக்கு ஒரே ஒரு முறை தன் பங்குகளை மாற்றுபவனும் குறியீட்டு நிதியைவிட அதிகம் செலவழித்தவன் ஆகிறான். கூலியற்ற செயலி என்னும் பெருமை அத்துடன் முடிந்தது.

தொடாமல் இருப்பது எளிதும் அன்று; எப்போதும் நன்றும் அன்று. 1986இல் சென்செக்ஸ் குறியீடு வெளிவரத் தொடங்கியபோது அதன் முப்பது நிறுவனங்களில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸும் இருந்தன. அம்பாசடரும் பத்மினியும் இல்லாத இந்தியச் சாலையை அன்று எவரேனும் எண்ணிப் பார்த்திருப்பாரா? அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றது. மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் விடைபெற்றது. அதே முப்பதில் இருந்த ஐ.டி.சி.யும் லார்சன் அண்டு டூப்ரோவும் பன்மடங்கு வளர்ந்தன. எதனைத் தொடாமல் வைப்பது, எதனை விற்பது என்னும் கேள்விக்குச் செலவு உண்டு. அது பரேலில் ஆலைகள் ஓடிய நாளில் ஆலைப் பங்கு வைத்திருந்தோர் 1982ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பின் அறிந்த செலவு. எந்தச் செயலியும் அதனைக் கட்டணப் பட்டியலில் காட்டாது. குறியீட்டு நிதியில் ஒரு நிறுவனம் தேய்ந்தால் அது வெளியேறி, வேறொன்று அதனிடத்தில் வருகிறது. அம்மாற்றத்துக்காக நிதி பங்குகளை விற்கும்போது அலகு வைத்திருப்பவர் இலாப வரி கட்ட வேண்டியதில்லை. நாமே விற்று மாற்றினால், ஓராண்டுக்கு மேற்பட்ட இலாபத்தில் ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சத்துக்கு மிஞ்சியதற்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை உண்டு.

நிதியின் பக்கமும் ஒரு மறைவு இருக்கிறது. அடிக்கடி பங்குகளை மாற்றும் நிதி ஒவ்வொரு மாற்றத்துக்கும் பரிவர்த்தனை வரி கட்டுகிறது. அதுவும் அலகின் மதிப்பிலேயே கரைகிறது. கூலி எங்கும் உண்டு. எவ்வளவு என்பதே கேள்வி.

"திறமையுள்ள மேலாளர் அதிகம் சம்பாதித்துத் தந்தால் அதிகக் கூலி கொடுத்தால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. வில்லியம் ஷார்ப் என்னும் பொருளியல் அறிஞர் 1991இல் ஓர் எளிய கூட்டல் கழித்தலால் இதற்கு விடை கூறினார். நம் ஊர் வழக்கில் சொன்னால், சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? சந்தை முழுவதும் ஒரே பொங்கல் பானை. எல்லோருடைய பங்கையும் கூட்டினால் பானையில் உள்ளதற்குமேல் ஒரு பருக்கையும் வராது. ஒருவர் இலையில் அதிகம் விழுந்தால் வேறொருவர் இலையில் குறைந்தே தீரும். பரிமாறுவோர் தமக்கென எடுத்துக்கொண்ட அகப்பைகள் போக மீதியே உண்போர்க்கு. எனவே சராசரியாகப் பார்த்தால் அதிகக் கூலி கொடுத்தோர் அந்த அளவுக்குக் குறைவாகவே உண்பர். விலக்கான திறமைசாலிகள் உண்டு. அவர் யார் என்பதை இருபது ஆண்டுக்கு முன்னரே அறிவதுதான் அரிது.

எல்லாக் கணக்கும் முடிந்தபின், ஐயாயிரம் முழுவதையும் குறியீட்டு நிதியின் நேரடித் திட்டத்தில் போடுமாறு நான் சொன்னேன். அவன் சற்றே யோசித்து, நாலாயிரத்தை அப்படியே போடுவதாகவும், ஆயிரத்தை வங்கியில் சேர்த்து வைத்து ஆண்டுக்கு ஒருமுறை பன்னிரண்டாயிரத்துக்கு ஒரே நிறுவனத்தின் பங்கை வாங்குவதாகவும் சொன்னான். ஏன் என்று கேட்டேன்.

"ஒரு கம்பெனி கணக்கைப் படிக்கணும்னா அதுல என் காசு கொஞ்சம் இருக்கணும் மாமா. அந்த ஆயிரம் படிப்புச் செலவுன்னு வெச்சுக்கோங்க."

ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே பங்கு என்றால் கட்டணம் முதலைத் தின்னாது என்பதையும் அவனே கணக்கிட்டிருந்தான். என் தாளில் கற்பதற்கான செலவு என்று ஒரு வரி இல்லை. அதனைச் சேர்த்து எழுதினேன். இப்போது மூன்றாண்டு ஆகிறது. சந்தை ஏறியது, இறங்கியது. இரண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கையை அவன் என்னிலும் நன்றாக வாசிக்கிறான். மூன்றாவது நிறுவனத்தை வாங்கலாகாது என்று படித்தபின் முடிவு செய்து, அவ்வாண்டுப் பன்னிரண்டாயிரத்தையும் நிதியிலேயே சேர்த்துவிட்டான். என் தங்கை இன்றும் மாவு அரைக்கிறாள். அளவைப் பாதியாகக் குறைத்திருக்கிறாள்.

புதிதாகச் சேமிக்கத் தொடங்கும் இளைஞர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் இக்கணக்கிலிருந்து சில கேள்விகளை எடுத்துத் தர விரும்புகிறேன். பங்கு வாங்குவதானால்: இத்தொகைக்கு நிலையான கட்டணம் நூற்றுக்கு எத்தனை ஆகிறது? ஆண்டுக்கு எத்தனை முறை மாற்றப் போகிறேன்? இந்நிறுவனத்தின் கணக்கைப் படிக்க எனக்கு நேரம் உண்டா? நிதியில் சேர்வதானால்: இதன் செலவு விகிதம் என்ன? இது நேரடித் திட்டமா, முகவர் வழியா? முகவர் வழி என்றால், ஆண்டுதோறும் அவர் பெறும் கழிவுக்கு ஈடாக எனக்கு என்ன செய்து தருகிறார்? கடைசிக் கேள்விக்கு நல்ல விடையும் இருக்கக்கூடும். சந்தை சரியும்போது பதறி வெளியேற விடாமல் கையைப் பிடித்து நிறுத்தும் முகவர் தம் கூலியைச் சம்பாதித்தவரே. விடை இல்லையெனில் கூலியும் வேண்டியதில்லை.

கூலி கொடுப்பதில் இழிவு இல்லை. மூட்டை தூக்கியவர்க்குக் கூலி கொடாதவனை நம் மரபு மதித்ததே இல்லை. ஆனால் எத்தனை தூரத்துக்கு, எத்தனை எடைக்கு, எவ்வளவு என்று மூட்டையைத் தூக்குமுன் பேசிக்கொள்வதும் நம் மரபே. கீரைக்கடையில் நாம் மறவாமல் செய்வதை, வாழ்நாள் சேமிப்பைக் கையளிக்கும் இடத்திலும் கூச்சமின்றிச் செய்யப் பழகுவோமாக.